மரியாதைக்கு விழுந்த கோல்

கால்பந்தை யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்திருக்கட்டும். அதற்கு மரியாதை கற்றுக்கொடுத்தது கடலூர் மாவட்டம்தான். சந்தேகப்படுகிறவர்கள் மஞ்சக்குப்பம் மைதானத்தில் நடந்த பெண்கள் இறுதிப் போட்டியின் தீர்ப்பை நின்றபடி படிக்கவும்.

அன்றைய நடுவர் செம்பியன், பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். ஆட்டத்தின் பதினேழு சட்டங்களும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மாநில நடுவர் பட்டியலில் ஏறிவிட வேண்டும் என்று ஆறு வருடமாகத் தவம் கிடக்கிறார், பாவம். அதற்குத் தேவையான பரிந்துரைக் கடிதம் போட்டிக் குழுச் செயலாளர் ஜெயப்பிரகாஷின் பையில் இருந்தது.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஆட்டம். வழக்கப்படி சிறப்பு விருந்தினர் பந்தை உதைத்துத் தொடங்கி வைத்தார். அவர் கார்த்திகேசன், காட்டுமன்னார்கோயில் அரிசி ஆலை அதிபர். மெல்லத் தட்டினார். போட்டோக்காரர், "ஐயா, சரியா வுழல, இன்னொருவாட்டி" என்றார். ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி ஓங்கி ஒரு உதை விட்டார். பந்து சிதம்பரம் கோலைப் பார்த்து உருண்டது. பெரிய மனிதர் அடித்ததைப் பிடித்தால் நன்றாக இருக்காதே என்று கோல்கீப்பர் பிரிசில்லா ஒதுங்கிக் கைகூப்பி நின்றாள். பந்து வலைக்குள் போய்ச் சேர்ந்தது. "கோல்!" என்று அலறியது ஒலிபெருக்கி. பலகையில் கடலூருக்கு ஒன்று எழுதினார்கள்.

ஏதோ தமாஷ் என்று நினைத்த செம்பியன், பந்தை நடுவில் வைத்து நிஜ ஆட்டத்தைத் தொடங்கினார். கடைசி நிமிடத்தில் சிதம்பரம் ஒரு கோல் போட்டது. பிரிசில்லா துள்ளிக் குதித்தாள். திங்கட்கிழமை கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டு நேர்காணல். முதலிடச் சான்றிதழ் இருந்தால்தான் சீட்டு. பலகையோ ஒன்றுக்கு ஒன்று என்றது.

"உயர்மட்ட மேல்முறையீட்டுக் குழு" பந்தலடியில் பிஸ்கட் சகிதம் கூடியது.

"அவரு டீம்லயே இல்லீங்களே," என்றார் செம்பியன்.

"சேத்துட்டாப் போச்சு." ஜெயப்பிரகாஷ் கடலூர் அணிப் பட்டியலில் கார்த்திகேசன் பெயரை எழுதினார்.

"பொம்பளைங்க டீமுங்க இது!"

"பெருந்தன்மையில ஆம்பள பொம்பள பாக்கலாமா மாஸ்டர்?"

"அது கோலுன்னே எனக்குத் தெரியாதுப்பா, வுடுங்க," என்றார் கார்த்திகேசன். குழு அதை "ஐயாவின் தன்னடக்கம்" என்று நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்தது.

செம்பியன் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். எட்டாவது சட்டம்! "ஆட்டத்த ஆரம்பிக்க ஒதைக்கறவரு, வேற ஆளு தொடறதுக்கு முன்னாடி மறுபடி தொடக் கூடாது. ஐயா ரெண்டு தடவ ஒதைச்சாரு. அதனால கோல் செல்லாது!"

ஜெயப்பிரகாஷின் முகம் மலர்ந்தது.

"ரெண்டு தடவயா? நல்லவேள சொன்னீங்க மாஸ்டர். அப்ப ரெண்டு கோலு!"

கடலூர் இரண்டு, சிதம்பரம் ஒன்று. தீர்ப்பு அச்சாகி வந்தது. அதன் அடியில் நடுவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். பக்கத்திலேயே பரிந்துரைக் கடிதமும் இருந்தது. தற்செயலாகத்தான் இருக்க வேண்டும். செம்பியன் சட்டத்தின் மாட்சிமையை எண்ணிப் பெருமூச்சு விட்டார். பிறகு கையெழுத்துப் போட்டார். அங்கேயே அவருக்கு "நேர்மைச் செம்மல்" பட்டமும் சால்வையும் வழங்கப்பட்டன.

பந்தலை விட்டு வெளியே வந்தவர் முன்னால் பிரிசில்லா வந்து நின்றாள். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"சார், திங்கக்கெழம காலேஜ்ல ஏன் தோத்தீங்கன்னு கேப்பாங்க. நான் இன்னான்னு சொல்லட்டும்?"

செம்பியன் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நடுவர் தீர்ப்பே இறுதியானதுன்னு சொல்லும்மா. சட்டமே அதான்."

"சொல்லிடறேன் சார். நடுவர் யாருன்னு கேட்டா?"