மொட்டை மயிலுக்கு எந்தப் பசை?

மயிலைத் துடைத்திருக்கக் கூடாது என்பது, மயில் மொட்டையான பிறகுதான் நிரோஷனுக்கு உறைத்தது.

உயிருள்ள மயில் இல்லை. ரெஜிபோம் என்ற தெர்மக்கோலில் வெட்டி, கொண்டையிலிருந்து தோகை வரை நீலமும் பச்சையுமாக மினுக்குத் தூள் போர்த்திய மயில். அன்று மாலை வடிவம்மா வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு. அவருடைய மகளின் மஞ்சள் நீராட்டுக்கு, ஆலாத்தித் தட்டின் நடுவில் நிற்க வேண்டிய மயில். லீவு நாளில் வீட்டில் சும்மா இருக்கும் ஆண்பிள்ளைக்கு எப்போதாவது வரும் பொறுப்புணர்ச்சி அன்று நிரோஷனுக்கு வந்தது. மேலே ஏதோ தூசி மினுங்குகிறதே என்று ஈரத் துணியால் நன்றாக ஒரு இழுப்பு இழுத்தான். இப்போது துணி தகதகத்தது. மயில், உரித்துத் தொங்கவிட்ட கோழி மாதிரி நின்றது.

வடிவம்மாவைக் கூடச் சமாளித்துவிடலாம். மனைவி கலாராணியை எப்படிச் சமாளிப்பது?

கடுகண்ணாவை ஊர் முழுக்க அவளுடைய கைவேலைக்குப் பெயர். "ஒவ்வொரு இறகா என் கையால ஒட்டுனதுங்க" என்று அவள் சொல்லும்போது முகமே தனியாக மினுங்கும். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், "எங்க வீட்டுல சோத்துலயும் கிளிட்டர்தான்" என்று இவன் நாலு பேர் முன்னால் ஜோக் அடித்தான். நாலு பேரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அன்றிரவு சோற்றில் உப்பும் இல்லை, வீட்டில் பேச்சும் இல்லை. இனி வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்த பிறகுதான் சமாதானம். இப்போது தூசி துடைத்தேன் என்றால் நம்புவாளா? வேண்டுமென்றே செய்தான் என்றுதான் நினைப்பாள்.

அவள் கலஹாவில் அம்மா வீட்டில் இருந்தாள். மாலை பஸ்ஸில் வருவாள்.

முதலில் அவளுடைய கைவேலை அலுமாரியைத் திறந்தான். ரிப்பன் இருந்தது, பெட்டிகள் இருந்தன, விலைச் சீட்டு ஒட்டும் டேப் இருந்தது. பசை ஒரு துளி இல்லை. பெரிய கலைஞர்கள் வித்தையை ஒளித்துத்தான் வைப்பார்கள் என்று அவள் மேல் மரியாதை இன்னும் கூடியது. போன் எடுத்தான்.

"கலா, சும்மா ஒரு கேள்வி. கிளிட்டர் ஒட்ட நீ என்ன கம் போடுற?"

அவள் திருப்பிக் கேட்டாள்:

"ஏன் கேக்குறீங்க?"

"ஆபீஸ்ல கேட்டாங்க."

"இன்னைக்குப் போயா, பௌர்ணமி லீவு. ஆபீஸ் பூட்டு."

"நேத்துக் கேட்டாங்க."

"அதெல்லாம் ஒரு பக்குவங்க, வாயால சொன்னா வராது. சிக்னல் வேற விட்டு விட்டு வருது. வைக்கிறேன்!"

சிக்னல் கணீரென்றுதான் இருந்தது.

கடிதம் ஒட்டும் கம் போத்தல் ஒன்று கிடைத்தது. அதைப் பூசித் துணியிலிருந்த தூளை உதறினான். கடுகண்ணாவை ஈரக்காற்றில் கம் காய மறுத்தது. தூள் கட்டி கட்டியாகத் திரண்டு, மயிலுக்கு அம்மை போட்டது போல் ஆனது. சந்தியில் சுப்பர் குளூ வாங்கி வந்தான். இரும்பையே ஒட்டுமாம். ரெஜிபோமை அது ஒட்டவில்லை, தின்றது. கண்ணெதிரே கழுத்தில் ஒரு பள்ளம் விழ, மயில் தலையைத் தொங்கப் போட்டு அவனையே பார்த்தது.

மயிலோடு வாசலுக்கு வந்தவனை, பக்கத்து வீட்டுத் தச்சர் காளிமுத்து வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்னா தம்பி, வாத்தா?"

"மயிலுண்ணே. இதுக்கு எந்தக் கம் நல்லது? நேரா சொல்லுங்க."

"ஒட்டுறதுன்னா லேசா? ரெண்டு சாமானும் மனசு ஒத்துப் போகணும். கல்யாணம் மாதிரி."

"அண்ணே, கம் பேரு!"

"மரமா இருந்தா சொல்லிருவேன்" என்றவர், ஒரு டப்பா பைண்டர் கம்மை நீட்டினார். "மெல்லிசா பூசி, அப்படியே காய விடு."

அவசரத்தில் இருப்பவனுக்கு மெல்லிசு ஏது? நிரோஷன் சுவருக்குச் சாந்து அப்புவது போல் அப்பி, தூளைக் கொட்டி, சீக்கிரம் காயட்டும் என்று கலாராணியின் தலைமயிர் உலர்த்தியை முழு வேகத்தில் போட்டான். தூள் கிளம்பியது. மயிலைத் தவிர எல்லாம் மினுங்கின: சுவர், பூனை, காளிமுத்துவின் மீசை.

"தம்பி," என்றார் காளிமுத்து மீசையைத் தடவிக்கொண்டே, "இந்த மூஞ்சியோட நான் எப்படி மரணச் சடங்குக்குப் போறது?"

கடைசியில் மயிலை ஒரு பையில் போட்டுக்கொண்டு கண்டி பஸ் ஏறினான். பைக்கு வெளியே தலை தொங்கியது. பக்கத்து சீட் அம்மா நகர்ந்து உட்கார்ந்து, "அது செத்துருச்சா, தூங்குதா?" என்று கேட்டார். அவன் முகத்தில் ஒட்டியிருந்த நீலத்தைப் பார்த்து இன்னும் கொஞ்சம் நகர்ந்தார்.

சந்தைக்குப் பக்கத்தில் பளீல் நானாவின் அலங்காரச் சாமான் கடை. கடைப் பையன்மார் இருவர். ஒருவன் ஸ்ப்ரே என்றான், மற்றவன் பசையை உருக்கி ஒட்டும் சூடு துப்பாக்கி என்றான். இருவரும் தங்களுக்குள் சண்டை பிடிக்கத் தொடங்க, நிரோஷன் நேரே கல்லாவுக்குப் போய் மயிலை மேசையில் கிடத்தினான்.

"நானா, காலையில இருந்து கேக்குறேன், ஒருத்தரும் நேரா சொல்றாங்க இல்ல. என் சம்சாரம் கஷ்டப்பட்டு செஞ்சது. அவ மனசு நோகாம இதை ஒட்டணும். எந்தக் கம்?"

பளீல் நானா மூக்குக் கண்ணாடியை இறக்கி, மயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிப்பாகத்தை நகத்தால் சுரண்டினார். பிறகு குனிந்து, மெதுவான குரலில் சொன்னார்:

"தம்பி, நேரா சொல்றன், இதுக்குக் கம் ஒண்டும் தேவல்ல. இது பெட்டியோட வார சைனா மயில், கடுகண்ணாவ மேடம் ஒராள் மாசாமாசம் டசன் கணக்குல எடுக்கிற. அவவுக்கு வெச்சதுல ஒண்டு உங்களுக்குத் தாறன், வெளிய சொல்லிடாதீங்க. அவட வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியவே கூடாதாம்."