கைப்பிடி மருந்து

உப்போ, சிமெண்டோ, தவிடோ, எதுவானாலும் என் கைதான் அளவு. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் ஊரப்பாக்கத்தில் பன்றிப் பண்ணை வைத்து மாடி வீடு கட்டியது இந்தக் கையால்தான். (பீற்றிக்கொள்கிறேன் என்பார்கள். இருக்கிறது, பீற்றுகிறேன்.) அந்தக் கை ஒரே ஒரு முறை சறுக்கியது. வீட்டில் இன்னும் அதைத்தான் சொல்லிச் சிரிக்கிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நானே எழுதிவிட்டால் ஒருவேளை விடுவார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பண்ணையின் முதல் ஈற்றுக் குட்டிகளுக்குக் கழிச்சல் கண்டது. அவை போனால் நான் மறுபடி கட்டட வேலைக்குச் சட்டி தூக்க வேண்டியதுதான். தாம்பரத்திலிருந்து கால்நடை டாக்டரம்மா வந்து ஒரு டப்பா பொடி கொடுத்தார்.

"இதுல நல்ல கிருமி உயிரோட இருக்கு. குடலுக்கு எதிர்ப்புச் சக்தி தரும். குட்டிக்கு ஒரு சிட்டிகை, பால்ல. அதுக்கு மேல வேணாம்."

அவர் போனதும் மனைவி மேரியிடம் பொருமினேன். "சிட்டிகையாம்! நம்மள இன்னான்னு நெனச்சிகினாங்க?"

"படிச்சவங்க சொல்றாங்க, கேளுய்யா."

"படிச்சவங்களா பன்னி மேய்ச்சிகினு கீறாங்க?"

சிட்டிகைக்கே குணமென்றால் கைப்பிடிக்குப் பயில்வான் ஆகிவிடாதா? அள்ளிக் கரைத்து ஊட்டினேன். கழிச்சல் கூடியது. மருந்து போதவில்லை என்று கையை இன்னும் குவித்தேன். கொட்டகையில் கால் வைக்க இடமில்லை. என் வெள்ளை வேட்டி தன் நிறத்தையே மறந்தது. ஒரு நோஞ்சான் குட்டியை மட்டும் மேரி சமையற்கட்டில் கூடைக்குள் வைத்திருந்தாள். எப்படியும் சாகப்போவதற்கு மருந்து எதற்கென்று நான் அதைத் தொடவில்லை.

டாக்டரம்மா திரும்ப வந்து காலி டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"கல்யாண வாசல்ல நாலு பேர் நின்னா வரவேற்பு. ஊரே அடைச்சிகிட்டு நின்னா பொண்ணு மாப்பிள்ள எப்படிங்க உள்ள போவாங்க? குடலும் அப்படித்தான்!"

அப்போது சமையற்கட்டிலிருந்து நோஞ்சான் ஓடிவந்து அவர் செருப்பைக் கவ்வியது.

"இதுக்கு என்ன கொடுத்தீங்க?"

மேரி என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நீங்க சொன்ன சிட்டிகைதான் மேடம்."

பொடியை நிறுத்தி, உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததில் பாதிக்கு மேல் பிழைத்தன. மற்றவற்றை நானே குழி வெட்டிப் புதைத்தேன். பிறகு குட்டி குட்டியாகப் போட்டுப் பண்ணையை நிமிர்த்தியது அந்த நோஞ்சான்தான்.

இப்போது எனக்கு ரத்த அழுத்தம். தினமும் காலையில் மேரி மாத்திரையை உடைத்து நீட்டுகிறாள்.

"அரைதான். கைப்பிடி இல்ல."

பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நான் வாங்கி விழுங்குகிறேன். என்ன செய்வது, நோஞ்சான் பிழைத்ததும் அவள் கையால்தானே.