காருக்கு வைத்த நலங்கு

எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்த ஒரு வரியை வாய்விட்டுச் சொல்ல எனக்கு முப்பத்து நான்கு வயதும், மைத்துனனின் கல்யாணமும், ஒரு கிண்ணம் நல்லெண்ணெயும் தேவைப்பட்டன. அதற்கு முன்னால் யாராவது கேட்டிருந்தால், கண்ணைக் கட்டிவிட்டாலும் எஞ்சினைக் கழற்றி மாட்டுவேன் என்றிருப்பேன். (மாட்டி முடிக்கும்போது கையில் நாலு திருகாணி மிஞ்சும். அது வேறு விஷயம்.)

அப்போது நான் ஜொகூர் மாநிலத்துப் பத்து பாகாட் ஊரில் ஒரு துணித் தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். கவிதாவைக் கட்டி ஆறு வருடம் ஆகியிருந்தது. மாமனார் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஒரு நாள்கூட வண்டி நடுவழியில் நின்றதில்லை என்பது அவருடைய பெருமை. அப்படிப்பட்டவர் வீட்டில் எனக்குக் கிடைத்திருந்த ஆகப் பெரிய பொறுப்பு, விசேஷங்களுக்கு ஐஸ் கட்டி வாங்கி வருவது. ஒரு தடவை அதுவும் வீடு வந்து சேர்வதற்குள் தண்ணீராகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் நான் காணொளி பார்த்துக் கெட்டுப்போனேன். எஞ்சின் மூச்சு இழுக்கும்போது தூசி உள்ளே போகாமல் தடுக்க ஒரு வடிகட்டி இருக்கிறதல்லவா, ஏர் ஃபில்டர், அதைப் பற்றி மட்டும் ஒரு மாதம் பார்த்தேன். சாதாரண ஃபில்டர் காகிதம். அழுக்கானால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்ட வேண்டும். இன்னொன்று பஞ்சுத் துணியில் செய்தது, சிவப்பு நிறம், கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம். பந்தயக்காரர்கள் போடுவது. கார் சீறும் என்றார்கள், ஆயுசுக்கும் வரும் என்றார்கள். எனக்குச் சீற வேண்டும் போலிருந்தது.

எங்கள் குடும்ப மெக்கானிக் ஆ ஹோக்கிடம் போய் நின்றேன். மாமனாரின் பேருந்தை இருபது வருடம் பார்த்துக்கொண்டவர். தமிழ் வாடிக்கையாளர்களிடமே பழகிப் பழகி அவருக்கு மலாய் கலந்த ஒரு தினுசான தமிழ் வரும்.

“தம்பி, காகிதம் சூடா சுக்கோப் லா. காகிதமே போதும். அழுக்கா? வீசு. புதுசு போடு. கதை முடிஞ்சி” என்றார்.

“இல்ல அங்கிள், செவப்பு போட்டா பவர் ஏறும்.”

“இந்தக் குட்டிக் காருக்கு என்னா பவர்? செவப்பு ரொம்ப வேலை. குளிப்பாட்டணும். காய வைக்கணும். அப்புறம் எண்ணெய் வைக்கணும். நீ செய்வியா?”

குளிப்பாட்டணும், எண்ணெய் வைக்கணும். இந்த இரண்டு சொற்களையும் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொண்டேன்.

கவிதாவும் தன் பங்குக்குக் கேட்டாள். “நம்ம காரு ரேசுக்கா போவுது? பாசாருக்கு மீன் வாங்கத்தானே போவுது?” பெண்களுக்கு எஞ்சின் புரியாது என்று பெருந்தன்மையோடு புன்னகைத்துவிட்டு, சிவப்பையே வாங்கினேன். கழுவியபின் தடவ அதற்கென்றே தனி எண்ணெய் ஒரு புட்டியில் வைத்திருந்தார்கள். அது வியாபாரத் தந்திரம் என்று எனக்குப் பட்டது. எண்ணெய் என்றால் எண்ணெய்தானே! வாங்கவில்லை.

ஃபில்டரை மாட்டியபின் வேகம் கூடியதா என்றால், என் பேச்சில் கூடியது. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் கொடுப்பதற்கு முன்பே பானெட்டைத் திறந்து காட்டினேன். தபால்காரர்கூட ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

ஆறேழு மாதம் கழித்து மைத்துனன் சரவணனுக்குச் சாஆ என்னும் ஊரில் பெண் அமைந்தது. பெண் வீட்டார் ஊர்க் கோயிலில் முகூர்த்தம், ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். மாப்பிள்ளையை அழைத்துப் போக மாமனார் பெரிய கார் ஒன்றை வாடகைக்குப் பேசப் போனார். நான் குறுக்கே விழுந்தேன்.

“எதுக்கு மாமா வாடகை? நம்ம காரு இருக்கு. சரவணனை நான் கொண்டு போய்ச் சேக்கறேன்.”

மாமனார் என்னை வெகுநேரம் பார்த்தார். ஐஸ் கட்டி அவர் கண்ணில் தெரிந்தது. அத்தைதான், “மருமவன் ஆசைப்படறாரு, வுடுங்களேன்” என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக அந்த வீடு என்னை நம்பி ஒன்றைக் கொடுத்திருக்கிறது, அதுவும் அவர்களுடைய ஒரே மகனை. இதில் மட்டும் சொதப்பக் கூடாது என்று உள்ளூர வேண்டிக்கொண்டேன்.

முதல் நாள் சனிக்கிழமை. வீட்டில் சரவணனுக்கு நலங்கு. மணையில் உட்கார வைத்து, பெண்கள் ஒவ்வொருவராக அருகம்புல்லை நல்லெண்ணெயில் தோய்த்துத் தலையிலும் தோளிலும் முட்டியிலும் வைத்து, பிறகு குளிப்பாட்டினார்கள். அதே நேரத்தில் பின்கட்டில் நான் காரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். வெளியே மின்னினால் போதுமா? உள்ளேயும் சுத்தம் வேண்டாமா? சிவப்பு ஃபில்டரைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். கறுப்புத் தண்ணீர் ஓடியது. மாப்பிள்ளை வேட்டிக்குப் பக்கத்திலேயே கொடியில் காயப்போட்டேன்.

காய்ந்ததும் ஆ ஹோக்கின் மந்திரம் நினைவுக்கு வந்தது. எண்ணெய் வைக்கணும். திரும்பிப் பார்த்தால் குழாயடியில் நலங்குக் கிண்ணம் கேட்பாரற்று இருந்தது. முக்கால் கிண்ணம் நல்லெண்ணெய். போதாக்குறைக்கு அன்று சனிக்கிழமை, ஆண்பிள்ளைகள் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் நாள். இதைவிடப் பொருத்தம் எந்த ஜாதகத்தில் கிடைக்கும்? ஒரு சொட்டு விடாமல் ஊற்றினேன். உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்த்தேன். ஊறவும் வைத்தேன். பிறகு காரில் மாட்டிவிட்டு, கடமை முடித்த திருப்தியோடு பிரியாணி சாப்பிடப் போனேன்.

மறுநாள் ஞாயிறு. அத்தை, மாமனார், உறவுகள், தாலித் தட்டு எல்லாம் பேருந்தில் முன்னால் போய்விட்டன. பூ ஜோடித்த என் காரில் நான், பக்கத்தில் சரவணன், பின்னால் கவிதா. தாலியின் மூன்றாவது முடிச்சைப் போட வேண்டிய நாத்தனார் அவள்தான். ஆக, கல்யாணத்துக்குத் தவிர்க்கவே முடியாத இரண்டு பேர் என் பொறுப்பில் இருந்தார்கள்.

யோங் பெங் ஊரைத் தாண்டும்போது கவிதா மூக்கை உறிஞ்சினாள். “யாரோ முறுக்கு சுடறாங்க.”

“பக்கத்துல எதுனா கடை இருக்கும்” என்றேன். இரண்டு பக்கமும் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம்தான் இருந்தது.

ஐந்து நிமிடத்தில் கார் விக்கியது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் முன்னால் போகாமல் குலுங்கியது. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டது. சாஆவுக்கு இன்னும் பதினைந்து கிலோமீட்டர். மணி எட்டேகால்.

எங்கள் ஊரில் பெட்ரோலையும் எண்ணெய் என்றுதான் சொல்வோம். சரவணன் அந்தப் பொருளில்தான் கேட்டான். “மச்சான், எண்ணெய் ஊத்துனீங்களா இல்லியா?”

“என்னா சரவணா இப்படிக் கேட்டுட்ட? நேத்தே ஊத்திட்டேன்!” என்றேன். நானும் பெட்ரோலைத்தான் சொன்னேன். ஆனால் என் வாழ்க்கையில் அவ்வளவு முழுமையான உண்மையை நான் பேசியதில்லை.

பானெட்டைத் திறந்தேன். பாட்டரியைத் தட்டினேன். ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். ஒன்று கையோடு வந்துவிட்டது. (அது ஹாரன் ஒயர் என்று பிறகு தெரிந்தது.) ஃபில்டர் பெட்டியை மட்டும் தொடவில்லை. அந்தக் காரிலேயே குறையில்லாத பாகம் அது ஒன்றுதான் என்று நம்பியிருந்தேன். கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

கை காட்டினால் யாராவது நிறுத்துவார்கள் என்று நினைத்தோம். பூ வைத்த கார், பட்டு வேட்டி தலைப்பாகையோடு மாப்பிள்ளை, பின்னால் வரிசையாகச் செம்பனை மரங்கள். போகிறவர்கள் எல்லாரும் கல்யாணப் படம் எடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஹாரன் அடித்துக் கட்டை விரலைக் காட்டிவிட்டுப் போனார்கள். ஒரு மலாய்க்காரக் குடும்பம் வேகத்தைக் குறைத்து, “தஹ்னியா!” என்று வாழ்த்திவிட்டு நகர்ந்தது. சரவணன் அழாத குறை.

“மச்சான், முகூர்த்தம் போச்சுன்னா அவங்கப்பா பொண்ணு குடுக்க மாட்டாரு மச்சான்.”

அவன் குரல் உடைந்திருந்தது. ஐஸ் கட்டி கரைந்தால் இன்னொன்று வாங்கலாம்.

ஒன்பது மணிக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று வந்தது. அந்த வருடங்களில் ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் வாரவிடுமுறை. ஞாயிறு வேலை நாள். அந்தச் சட்டத்தைப் போட்டவர்களை நான் இன்றுவரை மனத்துக்குள் வாழ்த்துகிறேன். நடுரோட்டில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றேன். லோரியிலிருந்து நம் ஆள் ஒருவர், நரைத்த மீசை, தலையை நீட்டினார்.

“சாவறதுக்கு வேற லோரி கெடைக்கலியா?”

விஷயத்தைச் சொன்னேன். சரவணனை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏத்திக்கிட்டுப் போவலாம்தான். நேரா மில்லுக்குப் போனா மாப்பிள்ளையையும் சேத்து எடை போட்டு எறக்கிருவாங்களேப்பா” என்று சொல்லிச் சிரித்துவிட்டு, கதவைத் திறந்தார். “ரெண்டு பேருக்குத்தான் எடம். நீ பின்னால குலை மேல ஏறுனா முள்ளு குத்தும்.”

மாப்பிள்ளையும் நாத்தனாரும் ஏறினார்கள். நான் ஓரத்தில் நின்று கையாட்டினேன்.

கோயிலில் நடந்ததைக் கவிதா சொல்லித்தான் கேட்டேன். வாசலில் லோரி ‘பாம் பாம்’ என்று ஹாரன் அடித்து வந்து நின்றதும் நாதஸ்வரம் பாதியில் நின்றுபோனதாம். ஆலத்தித் தட்டோடு நின்ற பெண்ணின் சித்தி, குழம்பிப்போய் முதலில் லோரிக்குச் சுற்றி, அதன் நெற்றியிலும் பொட்டு வைத்துவிட்டாராம். மணி ஒன்பதரை. முகூர்த்தத்துக்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது. முதல் பந்தியில் லோரிக்காரரை மாமனார் தன் பக்கத்தில் உட்கார வைத்து, தன் கையாலேயே பாயசம் ஊற்றினாராம். நான் காரில் கிடந்த ஒரு வாழைப்பழத்தைச் சாப்பிட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு, கவிதா சொல்லி அனுப்பி ஆ ஹோக் வந்தார். அவரும் கல்யாண விருந்தாளிதான், பூப்போட்ட புது பாத்தேக் சட்டையில். தன் வண்டியோடு கயிறு கட்டி என் காரை இழுத்துக்கொண்டு போய், பூவும் ரிப்பனும் ஆட ஆட, கோயில் மண்டப வாசலில் நிறுத்தினார். சாப்பிட்டுக் கை கழுவ வந்த அத்தனை பேரும் சுற்றிக்கொண்டார்கள். ஆ ஹோக் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். பிறகு இரண்டு விரலால் ஃபில்டரைத் தூக்கினார். எண்ணெய் சொட்டியது.

“அலமாக்! தம்பி, இது என்னா?”

“நீங்கதானே அங்கிள் சொன்னீங்க, எண்ணெய் வைக்கணும்னு?”

“ஃபில்டர் எண்ணெய் லா! அதுவும் கொஞ்சம்! நீ குளிக்க வச்சிருக்கே!”

காற்றை அளக்க உள்ளே மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறதாம். அது முழுக்க எண்ணெய் அப்பியிருந்தது. மாமனார் ஃபில்டரை வாங்கி மோந்து பார்த்தார். “நல்லெண்ணெய்” என்றார். முப்பது வருடம் வண்டியை நிறுத்தாத மனிதர் அவர்.

கடையில் வாங்கிய எண்ணெய் என்று ஒரு பொய் என் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அத்தை முன்னால் வந்து, ஃபில்டரின் மடிப்புக்குள்ளிருந்து எதையோ மெல்ல உருவினார். எண்ணெயில் ஊறிய ஓர் அருகம்புல்.

“இது நம்ம நலங்குக் கிண்ணத்துல கெடந்ததுல்ல?” என்றார் அத்தை. “மாப்பிள்ளைக்கு வச்ச நலங்க காருக்குமா வச்சீங்க?”

முதலில் சிரித்தவர் சம்பந்தி. பெண் கொடுக்க மாட்டார் என்று பயந்தோமே, அவரேதான். தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. பூமி பிளந்து என்னை வாங்கிக்கொள்ளாதா என்று பார்த்தேன். வாசலில் சிமெண்டு போட்டிருந்தார்கள்.

ஆ ஹோக் கம்பியைத் துடைத்து, காகித ஃபில்டர் மாட்டிக் கொடுத்தார். இன்றுவரை காகிதம்தான். அழுக்கா? வீசு. கதை முடிஞ்சி. ஆனால் என் கதை முடியவில்லை. ஊரில் எல்லார் காரும் எண்ணெய் தீர்ந்து நிற்கும், இவருடையது எண்ணெய் அதிகமாகி நின்றது என்று சரவணன் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சோறு ஊட்டுகிறான். தீபாவளிக் காலையில் எல்லார் தலையிலும் எண்ணெய் வைத்து முடித்ததும் அத்தை வாசலுக்கு வந்து, என் கார் பானெட்டில் ஒரு சொட்டு வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்.

போன மாதம் கவிதாவின் கடைசித் தங்கை தேவிக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளைக்கு ஊர் பொந்தியான். பெண்ணை யார் காரில் அழைத்துப் போவது என்ற பேச்சு வந்ததும் எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பியது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு, ஐஸ் கட்டி எத்தனை மூட்டை வேண்டும் என்று கேட்க வாயெடுத்தேன்.

“நம்ம மருமவனே ஓட்டட்டும்” என்றார் மாமனார்.

நிமிர்ந்து பார்த்தேன். என் கண் கலங்கிவிட்டது, மறைக்க விரும்பவில்லை. மாமனார் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அத்தை பக்கம் திரும்பினார்.

“நலங்கு முடிஞ்ச ஒடனே அந்தக் கிண்ணத்த மட்டும் அலமாரியில வச்சிப் பூட்டிரு.”