அரிசிக்கு நான் வாங்கிக் கொடுத்த சமத்துவம்

பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். முதல் பரிசு வாங்கியவன் திருப்தியாகி வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவான். இரண்டாம் பரிசுக்காரன் ஆயுள் முழுக்க அந்த முதல் பரிசைத் தேடி அலைவான். நான் கல்லூரியில் மூன்று வருடமும் இரண்டாம் பரிசு. அதனால்தான் எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி ஞாயிறன்று, மயிலாப்பூர்க் கால்வாய்க் கரையில் நூற்றைம்பது பேர் தட்டும் பாத்திரமுமாகக் காத்து நிற்க, அவர்கள் சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டேன். (நிஜ மண் இல்லை. மண்ணாக இருந்திருந்தால் களைந்தாவது எடுத்திருக்கலாம்.)

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் மூக்குக்கண்ணாடி போட்ட குமாஸ்தா. எங்கள் தெருவில் பங்கஜம் மாமி என்றொரு பள்ளிக்கூட ஆசிரியை இருந்தார். அவர் ஆரம்பித்ததுதான் பிடியரிசித் திட்டம். வீட்டுக்கு ஒரு டின் கொடுத்துவிடுவார். தினமும் உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடியை அந்த டின்னில் போட்டு வைக்க வேண்டும். சனிக்கிழமை நாங்கள் ஏழு பேர் சைக்கிளில் தெருத் தெருவாகப் போய் வாங்கி வருவோம். ஞாயிறு மதியம் கால்வாய்க் கரைக் குடிசைகளில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு. திருவல்லிக்கேணியிலிருந்து காதர் பாய் வந்து சமைப்பார். கல்யாணங்களுக்குப் பிரியாணி செய்கிற பெரிய கை. கல்யாண ஆர்டர் இல்லாத ஞாயிறுகளில் தன் தேக்சா அண்டாவை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்து எங்களுக்குச் சும்மாவே சமைத்துக் கொடுப்பார்.

அந்த ஐப்பசியில் மாமியின் பெண்ணுக்கு தி.நகரில் பிரசவம். பத்து நாள் அங்கே இருக்க வேண்டும் என்று அரிசி வைத்திருந்த ஷெட்டின் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"ஒண்ணும் புதுசா பண்ண வேண்டாம், ரகு. வர்ற அரிசிய அந்தந்த டிரம்ல போட்டுண்டு வந்தா போறும்" என்றார்.

ஒன்றும் பண்ண வேண்டாம் என்று என்னிடம் சொல்லியிருக்கவே கூடாது.

ஷெட்டுக்குள் இரண்டு டிரம்கள் இருந்தன. ஒன்றில் பச்சரிசி, இன்னொன்றில் புழுங்கலரிசி. அத்தனை நாளும் மூட்டையை வாசலிலேயே இறக்கிவிட்டுப் போன எனக்கு அன்றுதான் அது கண்ணில் பட்டது. ரத்தம் கொதித்தது. மூலைக்கு மூலை மைக் கட்டிச் சமத்துவம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. நானும் மாலை வேளைகளில் அந்தக் கூட்டங்களில் நின்று, வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் பயிற்சி செய்துகொண்டிருந்தவன். கோயில் குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களிலிருந்து வந்த பச்சரிசி ஒரு பக்கம், மந்தைவெளிப் பக்கத்திலிருந்து வந்த புழுங்கலரிசி ஒரு பக்கம். விடலாமா?

மற்ற ஆறு பேரையும் கூட்டி வைத்து இருபது நிமிடம் பேசினேன். "ஒரே மண்ணில் விளைந்த நெல்லுக்குள் எதற்கய்யா தனிப்பந்தி?" என்று கேட்டபோது என் குரல் எனக்கே சிலிர்ப்பாக இருந்தது. ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டான். உணர்ச்சிவசப்பட்டுவிட்டான் என்று நினைத்தேன் (கொட்டாவி என்று பிறகு சொன்னான்). இரண்டு டிரம்மையும் தரையில் கவிழ்த்தோம். முழங்கை வரை விட்டுக் கலந்தோம். ஒரு குத்து அள்ளினால் பாதிக்குப் பாதி சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கலந்தேன். அவ்வளவு சிரத்தையாக நான் ஆபீசில்கூட எந்த வேலையும் செய்தது கிடையாது.

அந்த வாரம் முழுக்க மழை. கால்வாயில் தண்ணீர் ஏறிக் குடிசைகளின் வாசல் வரை வந்துவிட்டது. அங்கிருந்தவர்களில் கட்டட வேலைக்காரர்களும் கைவண்டி இழுப்பவர்களும்தான் அதிகம். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லை என்றால் அடுப்பும் இல்லை. பல வீடுகளில் மூன்று நாளாக வெறும் டீயும் பொறை ரொட்டியும்தான். ஞாயிறு மதியச் சோறு வந்துவிடும் என்று குழந்தைகளுக்குச் சொல்லிச் சொல்லித்தான் சனிக்கிழமையை ஓட்டியிருக்கிறார்கள். இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அதையும் பேச்சில் சேர்த்திருப்பேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

ஞாயிறன்று மழை விட்டிருந்தது. உலை கொதித்தது. அரிசியை நானே கொட்டுகிறேன் என்று பாயிடம் கேட்டு வாங்கிக் கொட்டினேன். சற்று நேரம் கழித்து பாய் கரண்டியில் நாலைந்து பருக்கைகளை எடுத்து விரலால் நசுக்கினார். என்னைப் பார்த்தார். மறுபடியும் எடுத்து நசுக்கினார்.

"இன்னா தம்பி அரிசி இது? பாதி கொழையுது, பாதி கல்லாட்டம் கீது."

"எல்லா அரிசியும் சேர்ந்தது பாய்" என்றேன் பெருமையாக. "இனிமேல் நம்மிடம் பச்சை, புழுங்கல் என்கிற பேதமே கிடையாது."

"பேதம் இல்ல தம்பி, வேக்காடு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் பாய். "அது சட்டுனு வெந்துடும். இது ஒரு நாழி கேக்கும். பச்ச கொழஞ்சி அடி புடிக்கிது, புழுங்கல் இன்னும் கண்ணே தொறக்கல. இத துன்னா புள்ளைங்க வயிறு இன்னாத்துக்கு ஆவும்? சரி, மூட்டைல மிச்சம் கீற அரிசியப் போட்டு வேற ஒல வெக்கலாம், கொண்டா."

"அதுவும் கலந்ததுதான் பாய்."

"அல்லாமா?"

"எல்லாம்தான்."

பாய் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். இருபது வருடத் தொழிலில் அவர் கரண்டியைக் கீழே வைத்து அன்றுதான் பார்த்தேன் என்று அவருடைய ரிக்‌ஷாக்காரர் பிற்பாடு சொன்னார்.

வரிசையில் குழந்தைகள் தட்டைத் தட்ட ஆரம்பித்தன. ஒரு தாய் இடுப்பிலிருந்த குழந்தையின் வாயில் விரலைக் கொடுத்துச் சமாளித்துக்கொண்டிருந்தாள். மரத்தில் சாய்த்து வைத்திருந்த என் சைக்கிளைப் பார்த்தேன். (வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஓடிவிடத்தான் பார்த்தேன்.) வரிசையில் முதல் ஆளாக நின்றவள் அஞ்சலை. சித்தாள் வேலை செய்பவள். நான் சைக்கிளைப் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"எங்க போற கண்ணாடி சாரு? அங்கியே நில்லு" என்று சொல்லிவிட்டு நேராக வந்து தேக்சாவுக்குள் எட்டிப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் சிரித்துவிட்டாள்.

"இதுக்கா பாய் இப்டி குந்திக்கினுகீற? ரெண்டு கொடம் தண்ணி ஊத்து. ஒண்ணா கொழைய உட்டு கஞ்சியாக்கிடு. புள்ளைங்களுக்கு ஜல்ப்பு, இருமல் வேற. சோத்தவிட கஞ்சி நல்லதுதான்."

பாய் சட்டென்று எழுந்தார். "நோன்புக் கஞ்சி போட்டுடலாம்! பூண்டு, இஞ்சி, வெந்தியம் வோணும். தொட்டுக்க ஊறுகா வோணும். தம்பி, சைக்கிள்தான பாத்துக்கினு இருந்தே? ஏறு!"

ஏறினேன். அரிசி வாங்கிய அதே வீடுகளுக்கு மறுபடியும் போய்க் கை நீட்டினேன். எதற்கு என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டியிருந்தது. அவசரத்தில் குளக்கரைத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் நின்று பூண்டு கேட்டுவிட்டேன். "பூண்டா? எங்காத்துலயா?" என்று அந்த அம்மாள் அதிர்ந்து, பிறகு விஷயம் தெரிந்ததும் உள்ளே போய் இஞ்சியும் வெந்தயமும் ஒரு பாத்திரம் மோரும் கொண்டுவந்து கொடுத்தார். பூண்டு மந்தைவெளியில் கிடைத்தது. ஐந்தாவது வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே சேதி எனக்கு முன்னால் போய்விட்டது. "வாப்பா, ரெண்டையும் கலந்துட்டியாமே?" என்று சிரித்தார்களே தவிர, ஒரு வீட்டில்கூட இல்லை என்று கையை விரிக்கவில்லை. அந்தச் சிரிப்புக்கும் அந்தக் கைகளுக்கும் நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

கடைசியாக மாமி வீடு. பூட்டியிருக்கும் என்று நினைத்தால், அப்போதுதான் தி.நகரிலிருந்து வந்து இறங்கிக்கொண்டிருந்தார். வாசலிலேயே ஒப்பித்தேன்.

"ரெண்டு டிரம் எதுக்கு மாமின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதோ?" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய், வருடம் முழுக்க வைத்துக்கொள்ளப் போட்டிருந்த நார்த்தங்காய் ஊறுகாயை ஜாடியோடு தூக்கிக்கொண்டு வந்தார். இறங்கிய ரிக்‌ஷாவிலேயே மறுபடி ஏறினார்.

நாங்கள் போனபோது தேக்சா தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. ஈர விறகைக் குடிசைப் பெண்கள் ஊதி ஊதி எரியவைத்திருந்தார்கள். பூண்டும் இஞ்சியும் விழுந்ததும் வாசனை கரை முழுக்கப் பரவியது. பாய் ஊற்ற, மாமி ஊறுகாய் வைக்க, நூற்றைம்பது பேரும் குடித்தார்கள். குழந்தைகள் இரண்டாம் தடவை வந்தன, மூன்றாம் தடவையும் வந்தன. நான் ஓரமாக நின்று எண்ணிக்கொண்டே இருந்தேன். கடைசி ஆளின் பாத்திரம் நிறைந்த பிறகுதான் நிறுத்தினேன்.

தேக்சா காலியானபோதுதான் காலையிலிருந்து நானும் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது ஞாபகம் வந்தது. அஞ்சலை தன் அலுமினியப் பாத்திரத்தைக் கொண்டுவந்து பாதிக் கஞ்சியை என் டம்ளரில் ஊற்றினாள்.

"உனக்கு வேண்டாமா?" என்றேன்.

"எனக்குப் போதும். நீ குடி. மூஞ்சி எப்டி வாடிப் பூட்ச்சி பாரு."

மூன்று நாள் பட்டினி கிடந்தவள் எனக்குப் பங்கு வைத்தாள். சோறு போட வந்தவன் நின்றுகொண்டே அதை வாங்கிக் குடித்தேன். அழுகை வந்தது. பூண்டுக் காரம் என்று சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு மேடைப் பேச்சுப் பக்கம் நான் போகவே இல்லை.

மிச்சமிருந்த அரிசியை மில்லில் கொடுத்து நொய்யாக உடைத்துக்கொண்டு வந்தோம். ஐந்து ஞாயிறு கஞ்சிதான். ஆறாவது ஞாயிறு முறையாகச் சோறு போட்டால், கஞ்சி எங்கே என்று குழந்தைகள் பாயைப் பிடித்துக்கொண்டன. மாமி ஷெட்டின் சாவியை அஞ்சலையிடம் கொடுத்துவிட்டார். பல வருடம் அவள்தான் அரிசியைப் பார்த்துக்கொண்டாள். அவள் பொறுப்பில் ஒரு மணி அரிசிகூட வீணானதில்லை. என்னை மட்டும் அந்த ஷெட்டுக்குள் அவள் விட்டதே கிடையாது. நான் மூட்டையை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

மூன்று வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். பாய்தான் கறிவிருந்து சமைத்தார். அஞ்சலை நல்ல புடவை கட்டிக்கொண்டு மேடைக்கு வந்து என் மனைவியின் கையில் இரண்டு துணி முடிச்சுகளைக் கொடுத்தாள். ஒன்றில் ஒரு படி பச்சரிசி, இன்னொன்றில் ஒரு படி புழுங்கல்.

"உன் ஊட்டுக்காரரு ரொம்ப நல்லவரும்மா" என்றாள், மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி. "ஆனா அரிசிகிட்ட மட்டும் உடாத."

என் மனைவி அந்தப் புத்திமதியை இன்றுவரை தட்டியதில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையை அவள்தான் சொல்வாள், நடுவில் நான் வாயைத் திறக்கக் கூடாது. போன வாரம் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனேன். ஐந்து வயதுப் பேத்தி ஓடிவந்து அரிசி டப்பாக்களுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"பாட்டி! தாத்தா உள்ள வந்துட்டாரு!"