சண்டை இல்லாத இடத்தில் சமரசம்

கடவுள் உண்டு என்கிறவரை உங்களுக்குத் தெரியும். இல்லை என்கிறவரையும் தெரியும். யார் கண்டது, அவர்களில் ஒருவரோடு நீங்கள் ஒரே வீட்டில் குடித்தனம்கூட நடத்திக்கொண்டிருக்கலாம். நான் இங்கே அறிமுகப்படுத்த வந்திருப்பது மூன்றாவது இனம். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அவரை நீங்க சகிச்சுக்கணும், உங்களை அவர் சகிச்சுக்கணும், உங்க ரெண்டு பேரையும் நான் சகிச்சுக்கிறேன்" என்று உட்கார்ந்துவிடுகிற இனம். இவருக்குச் சகிப்பாளர் என்று பெயர் வைத்திருக்கிறேன். கடிக்க மாட்டார். ஆனால் லேசில் எழுந்தும் போக மாட்டார்.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். எந்தப் பேச்சையும் "எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்" என்று ஆரம்பிப்பார்; ஆரம்பித்த கையோடு எல்லாரையும் இரண்டாகப் பிரிப்பார். நாத்திகர் பக்கத்தில் இருந்தால் கடவுள் என்ற சொல்லை, நோயாளியின் தலைமாட்டில் நோயின் பெயரைச் சொல்வதைப் போல, குரலைத் தாழ்த்திச் சொல்வார். "நம்பிக்கை இல்லேன்னாலும் உங்ககிட்ட எவ்வளவு நல்ல குணம் இருக்கு!" என்று அவரைப் பாராட்டுவார். அப்படியே திரும்பி ஆத்திகரிடம், "இவ்வளவு படிச்சும் நீங்க நம்புறீங்களே, அதுவும் ஒரு அழகுதான்" என்பார். இரண்டு பேருக்கும் முகம் சுண்டிப்போகும். சகிப்பாளருக்கு மட்டும் ஒரு நல்ல காரியம் செய்து முடித்த நிறைவு. அவருக்கு நம்பிக்கை உண்டா என்கிறீர்களா? நானும் பல வருஷமாகப் பார்க்கிறேன். நம்புகிறவர்களோடு இருக்கும்போது "நமக்கு மேல ஒண்ணு இருக்கு" என்பார். நம்பாதவர்களோடு இருக்கும்போது "இருந்தா இருந்துட்டுப் போகட்டும்" என்பார். உலகத்தில் சகலரையும் சகித்துக்கொள்ளும் இவரால் தன் மைத்துனரோடு மட்டும் ஒரு வேளை சாப்பாடு சாப்பிட முடியாது.

எங்கள் அலுவலகத்துக்கு இப்படி ஒருவர் மேனேஜராக வாய்த்தார்.

எங்களுக்குத் தொழில், லிஃப்ட் பழுது பார்ப்பது. நான் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "லிஃப்ட் நாலாவது மாடியில நின்னுபோச்சு, உள்ளே எங்க மாமியார் இருக்காங்க, ஒண்ணும் அவசரமில்லை" என்பது போன்ற புகார்களை எழுதிக்கொள்கிறவன். புகாருக்குப் போகிற மெக்கானிக்குகளில் பதினோரு வருஷமாக ஒரே ஜோடியாகப் போய்வருகிற இரண்டு பேர் உண்டு. மூத்தவர் சாமி. அது அவருடைய பெயரல்ல. எதற்கெடுத்தாலும் சாமியைத் துணைக்குக் கூப்பிடுவதால் வந்த பட்டம். இளையவனுக்குக் கேள்வி என்று பட்டம். எதைச் சொன்னாலும் "ஏன்?" என்பான். சம்பள உயர்வு என்று சொன்னபோதுகூட "ஏன்?" என்று கேட்டவன் அவன் ஒருவன்தான்.

இவர்கள் வேலை செய்கிற முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்றுதான் பாதி வேலை நடக்கும். ஆள் மேலே நிற்கும்போது லிஃப்ட் நகர்ந்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்கப் போவதில்லை. அதனால், முதலில் மொட்டைமாடிக்கு அடுத்திருக்கும் மெஷின் ரூமுக்குப் போய் மெயின் சுவிட்சை இறக்கி, யாரும் திரும்ப ஏற்றிவிடாதபடி அதற்கு ஒரு பூட்டுப் போட்டுவிட்டு வர வேண்டும். அது கேள்வியின் வேலை. பூட்டிவிட்டு, ஒரு மாடி கீழே இறங்கி வருவான். அங்கே திறந்த லிஃப்ட் கதவின் முன்னால் சாமி கண்ணை மூடி நின்று அரை நிமிஷம் கும்பிடுவார். பிறகுதான் கூரைமேல் கால் வைப்பார்.

கண்ணைத் திறந்ததும் கச்சேரி ஆரம்பமாகும்.

"என்ன அண்ணே, சொல்லியாச்சா?"

"ஆச்சு. உன்னையும் சேர்த்துத்தான் சொன்னேன்."

"இல்லாத ஆளுகிட்ட எனக்கு எதுக்கு சிபாரிசு?"

"இல்லாத ஆளுதானே? அப்புறம் சொன்னா உனக்கு என்ன வலிக்குது?"

"வேலை நேரம் வீணாகுதே."

"உன் வாய் மூடியிருக்கிற ஒரே நேரம் அதுதாண்டா. கட்டடமே நிம்மதியா இருக்கு."

பதினோரு வருஷம். ஏறக்குறைய இதே வசனம். இரண்டு பேரும் ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை. சாமியின் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோது பத்து நாள் அவர் வேலையையும் சேர்த்துப் பார்த்தவன் கேள்வி. கேள்வியின் மகள் பரீட்சை எழுதிய வாரம் முழுக்க அவளுக்காகத் தனியாக ஐந்து நிமிஷம் வேண்டிக்கொண்டவர் சாமி. அவள் தேறியதும் "படிச்சது அவ, பேரு உங்க ஆளுக்கா?" என்று கேள்வி சண்டைக்குப் போனான். அன்றைக்கு இனிப்பை முதலில் சாமிக்குத்தான் கொடுத்தான் என்பது வேறு விஷயம்.

புது மேனேஜர் ஒரு நாள் இவர்களோடு ஒரு கட்டடத்துக்குப் போனார். கதவுக்கு முன்னால் நடந்த வசனத்தைக் கேட்டார். அவ்வளவுதான், நடுவில் நாற்காலியைப் போட்டுவிட்டார். திரும்பி வந்ததும் சாமியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவை மெதுவாகச் சாத்தினார். எங்கள் அலுவலகத்துச் சுவர் பலகைச் சுவர். நான் ஒட்டுக் கேட்கவில்லை, காதில் விழுந்தது.

"அவன் அப்படிப் பேசும்போது உங்க மனசு புண்படலையா?"

"எப்படிப் பேசும்போது சார்?"

"இல்லாத ஆளுன்னு சொன்னானே."

"அவன் எப்பவும் அப்படித்தான் சொல்வான்."

"எப்பவுமா!" என்று மேனேஜர் ஒரு பெருமூச்சு விட்டார். "எவ்வளவு நாளா தாங்கிட்டு இருக்கீங்க!"

சாமி வெளியே வந்தபோது, பதினோரு வருஷமாகத் தான் எதையோ தாங்கிக்கொண்டிருந்ததாக அவருக்கே ஒரு சந்தேகம் வந்திருந்தது. அடுத்து கேள்வியின் முறை. "அவர் உங்களைக் கேட்காமலே உங்களுக்காக வேண்டிக்கிறாரே, அது உங்க கொள்கைக்கு அவமரியாதை இல்லையா?" என்று மேனேஜர் கேட்டார். எதற்கும் "ஏன்?" என்று கேட்கிறவன் அன்றைக்கென்று பார்த்துக் கேட்கவில்லை. கொள்கை என்று ஒன்று தனக்கு இருப்பதாக யாரோ மரியாதையாகச் சொன்னதில் கொஞ்சம் மயங்கிவிட்டான்.

மறுநாள் ஒரு சுற்றறிக்கை வந்தது. பணியிடத்தில் கடவுளைப் பற்றி ஆதரவாகவோ எதிராகவோ பேசக் கூடாது. பிரார்த்தனை செய்ய விரும்புவோர் காலையில் புறப்படும் முன்பு அலுவலகத்தின் சாமான் அறையில், அதற்கென ஒதுக்கப்பட்ட மூலையில் செய்துகொள்ளலாம். ஊழியர்கள் ஒருவரையொருவர் பரஸ்பர மரியாதையுடன் அழைக்க வேண்டும். 'பரஸ்பர' என்ற சொல்லைச் சேர்த்தது யார் என்று கேட்கிறீர்களா? நான்தான். அறிக்கையைத் தட்டச்சு செய்ததும் நான். சாமான் அறை மூலையில் கிரீஸ் டப்பாக்களை ஒதுக்கி, ஒரு திரை கட்டி, நாற்காலி போட்டுக் கொடுத்ததும் நான்தான். நல்ல காரியத்தில் பங்கு கிடைக்கிறதென்றால் யாருக்குத்தான் கசக்கும்?

இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அன்றிலிருந்து மரியாதை பொங்கி வழிந்தது. "அண்ணே" போய் "சார்" வந்தது. "டா" போய் அதுவும் "சார்" ஆனது. "ஸ்பேனர் குடுங்க சார்." "இந்தாங்க சார்." ஒரே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இரண்டு பேரும் இரண்டு ஜன்னலைப் பார்த்தார்கள். மேனேஜர் என் மேஜைக்கு வந்து, "பார்த்தீங்களா, ஒரு சத்தம் இருக்கா?" என்றார். உண்மைதான், சத்தமே இல்லை. எனக்கு என்னவோ போலிருந்தது. ஆனாலும் தலையை ஆட்டிவைத்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு புகார் வந்தது. ஏழு மாடிக் குடியிருப்பு. கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் ஓடுகிறது என்றார்கள். கதவு திறந்தால் லிஃப்ட் தானாக நிற்க வேண்டும். அந்தப் பாதுகாப்புதான் கெட்டுப்போயிருந்தது. என் கையாலேயே எழுதி, இவர்கள் இரண்டு பேர் பெயரையும் போட்டு அனுப்பினேன்.

கேள்வி மேலே போய்ச் சுவிட்சை இறக்கினான். பூட்டை மாட்டினான். கீழே வந்தான். சாமி காலையிலேயே சாமான் அறையில் கிரீஸ் வாசனைக்கு நடுவில் கும்பிட்டு முடித்திருந்ததால், இங்கே செய்ய ஒன்றும் இல்லை.

"போலாமா சார்?"

"போலாம் சார்."

சாமி ஒரு காலை எடுத்து லிஃப்டின் கூரைமேல் வைத்தார். இன்னொரு கால் இன்னும் தரையில்தான். அதே நேரத்தில், லிஃப்ட் ஓடவில்லையே என்று பின்பக்கப் படி வழியாக மேலே பார்க்கப் போன அந்தக் கட்டடத்துக் காவலாளி, சுவிட்ச் இறங்கியிருப்பதைப் பார்த்து ஏற்றிவிட்டார். பூட்டு மாட்டியிருந்தது, ஆனால் அமுக்கிப் பூட்டப்படாததால் கையோடு கழன்று வந்துவிட்டது. கீழே யாரோ பொத்தானை அழுத்த, லிஃப்ட் புறப்பட்டது. கேள்வி சாமியின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் தாழ்வாரத்தில் விழுந்தார்கள். சாமிக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் தோல் உரிந்தது. அதோடு போயிற்று. ஒரு கணம் பிந்தியிருந்தால், இதைக் கேலியாக எழுத நான் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள்.

"நான் பூட்டை அமுக்கலை அண்ணே."

மூன்று வாரத்தில் முதல் அண்ணே.

"விடுடா. பதினோரு வருஷத்துல ஒரு தடவை."

"இல்லண்ணே. முன்னாடியும் எத்தனையோ தடவை அமுக்காம வந்திருக்கேன். ரெண்டாவது தடவை போய்ப் பாக்குறப்ப சரி பண்ணிடுவேன்."

"ரெண்டாவது தடவையா? எப்ப?"

"நீங்க கண்ணை மூடுறப்ப. எதிர்ல நின்னா எனக்குச் சிரிப்பு வந்துடும். நீங்க கும்பிடுறப்ப சிரிக்கக் கூடாதுன்னு மேலே ஓடிடுவேன். போனது போனோமேன்னு பூட்டை ஒரு இழுப்பு இழுத்துப் பாத்துட்டு வருவேன்."

"இத்தனை வருஷமா நீ என் எதிர்லயே நின்னு பல்லை இளிச்சுட்டு இருக்கேன்னு நினைச்சேண்டா" என்றாராம் சாமி. "அதுக்காகத்தான் தினமும் உன்னை மன்னிச்சுடச் சொல்லிக் கேட்டுட்டு இருந்தேன்."

இதை என்னிடம் சொல்லும்போது இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒருவர் கண்ணை மூடிய அரை நிமிஷத்தில் இன்னொருவன் மாடியேறிப் போய் அவர் உயிரைக் காத்திருக்கிறான். அந்த அரை நிமிஷத்தைத்தான் திரை கட்டிச் சாமான் அறைக்குக் கொண்டுபோய் வைத்தோம், மேனேஜரும் நானும்.

மாலையில் இருவரும் மேனேஜர் அறைக்குள் போனார்கள். சாமி நொண்டிக்கொண்டே போனார்.

"சார், இவர் சாமி கும்பிடணும்" என்றான் கேள்வி. "அதுவும் என் முன்னாடிதான் கும்பிடணும்."

மேனேஜரின் கண் கலங்கிவிட்டது. "மனசு மாறிட்டீங்களா?"

"இல்ல சார். அவர் கும்பிட்டாத்தான் நான் பூட்டைப் பாப்பேன்."

"இவன் கேலி பண்ணணும் சார்" என்றார் சாமி. "மூணு வாரமா யாரும் கேலி பண்ணாம கும்பிட்டுப் பாத்தேன். சாமிக்கே போரடிச்சிருக்கும்."

மேனேஜர் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? வெட்கப்பட்டாரா? நாற்காலியை எடுத்துக்கொண்டு போனாரா? சகிப்பாளரை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் அரை நிமிஷம் பிரார்த்தனை செய்வது கட்டாயம், மற்றவர் அதைக் கேலி செய்வது கட்டாயம் என்று அடுத்த நாளே ஒரு சுற்றறிக்கை எழுதிக்கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்றேன். அது இன்றுவரை அவருக்காக மட்டும் கெட்டே இருக்கிறது. இப்போதும் எந்தக் கூட்டத்திலும், "ஒண்ணுக்கொண்ணு முகம் பாக்காம இருந்தவங்க, நான்தான் பேசிச் சேத்து வெச்சேன்" என்று இந்தக் கதையைச் சொல்லி வருகிறார். முகம் பார்க்காமல் இருந்த அந்த மூன்று வாரம் எங்கிருந்து வந்தது என்று கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை. கேட்கக்கூடிய ஒருவன் அந்த நேரத்தில் எங்கேயாவது மாடியேறிக்கொண்டிருப்பான்.

சரி, நீங்கள் சொல்லுங்கள். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, சாமிக்கு நல்ல வசனம் அதிகமா, கேள்விக்கு அதிகமா என்று ஒரு மூலையில் எண்ணிக்கொண்டே வந்தீர்களா? யாராவது ஒருவர் மனசு புண்படுமே என்று அவருக்காக நீங்கள் கொஞ்சம் புண்பட்டுப் பார்த்தீர்களா? கூச்சப்பட வேண்டாம், எழுதும்போது நானும் எண்ணினேன். நாற்காலி நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அடுத்த முறை இரண்டு பேர் கடவுளை நடுவில் வைத்துச் சத்தமாகச் சண்டை போடுவதைப் பார்த்து, உடனே எழுந்து நடுவில் போகத் தோன்றினால், தாராளமாக எழுந்திருங்கள். ஆனால் அங்கே நிற்காமல் அப்படியே அவர்களைத் தாண்டி மாடிக்குப் போய், பூட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.