விமானம் தூற்றிய சாமை

ஒன்றும் தெரியாதவனால் பெரிய சேதம் வராது. மூன்று மாதம் கவனித்துவிட்டு "எனக்குத் தெரியும்" என்பவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலை அப்படி ஒருவனைப் பெற்றிருந்தது. (பி.ஏ. வேறு.)

மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் எனக்கு வாத்தியார் வேலை. ஊரின் பெருமை, அதன் பொது விமான நிலையம். பொதுமக்கள் யாரும் அதில் ஏறியதாகவோ இறங்கியதாகவோ தகவல் இல்லை. ராணுவத்து இளைஞர்கள் சின்ன விமானங்களில் இறங்கிப் பழகுவார்கள். மற்ற நேரங்களில் ஆடுகள் மேயும்.

மலைமேலிருந்த என் தாய்மாமன் தன் மகள் வள்ளியை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். நிச்சயத்துக்கு வருபவர்களுக்குச் சொந்த நிலத்துச் சாமையில்தான் சோறு போடுவது என்று வைராக்கியம். அடித்து வைத்த சாமையோ மூன்று நாள் மழையில் நனைந்துவிட்டது. மலையில் வெயிலே இல்லை. மூட்டைகளை பஸ் கூரையில் ஏற்றிக் கீழே கொண்டுவரச் சொன்னேன். ஓடுதளத்தைவிட நல்ல களம் எந்த ஜில்லாவில் இருக்கிறது?

"பிளேன் வந்துட்டா இன்னாடா பண்ணுவ?"

"சனிக்கிழமை வராது மாமா. மூணு மாசமா பாத்துக்கினு இருக்கேன். மிலிட்டரின்னா ஒரு ஒழுங்கு இருக்கும்."

காவலாளி பாஷா பாய், "வாத்தியார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கதவைத் திறந்தார். ஓடுதளத்தின் கோடியில் நான்கு மூட்டையையும் பரப்பினோம். பதினோரு மணிக்கு வானத்தில் ரீங்காரம்.

"சும்மா சுத்திட்டுப் போய்டுவான் மாமா" என்று மேலே பார்த்துக் கையசைத்தேன்.

"போறவன் இன்னாத்துக்குடா கீழ வர்றான்?"

சாமையை நனைத்த மழைதான் அந்த ராணுவத்து இளைஞர்களையும் மூன்று நாள் உட்கார வைத்திருந்தது. சாமையைப் போலவே அவர்களும் முதல் வெயிலுக்குக் காத்திருந்தார்கள். மாமாவுக்கு இது உடனே புரிந்துவிட்டது. (பி.ஏ.வுக்குக் கொஞ்சம் தாமதமாக.)

விமானம் மறுகோடியில் இறங்கி, எங்களை நோக்கி ஓடிவந்து, சாமைக்குப் பத்தடி முன்னால் நின்றது. ஒரு மணிகூட மிதிபடவில்லை. "பாத்தீங்களா மாமா!" என்றேன். இளம் விமானி மரியாதையாகக் கையசைத்தார். பிறகு வந்த வழியே போவதற்காக விமானத்தைத் திருப்பி, அதன் முதுகை எங்களுக்குக் காட்டி, விசிறியை முடுக்கினார்.

புழுதி அடங்கியபோது ஓடுதளம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தூத்தும்போது பதருதானடா பறக்கணும்? நீ மட்டும் எப்டி நிக்கிற?"

வீட்டுக்குப் போனதும் "அவன் வேணாம்" என்றாராம். வள்ளிதான் மடக்கியிருக்கிறாள்: "தப்பே பண்ணாத ஆளக் கட்டிக்கினு, நான் இன்னாத்தப்பா சொல்லிக் காட்றது?"

நிச்சயத்தில் ரேஷன் அரிசிச் சோறு. அடுத்த மழைக்கு ஓடுதளத்தின் கோடியைத் தாண்டிய மண்ணில் அரைக் காணிக்குச் சாமை பச்சென்று முளைத்தது. மாமா அதற்கென்றே பஸ் பிடித்து வந்து, வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார்.

பேசுவதையெல்லாம் சேர்த்து வைத்திருந்தார். மாப்பிள்ளைக்கு நிலம் கிலம் உண்டா என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் ஒரே பதில்தான்:

"இருக்குதே, பிளேன் எறங்கற அளவுக்கு."