கடதாசி நம்பர்

மாணிக்கவாசகம் தன் அறுபத்து மூன்றாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மோசடி செய்வதென்று முடிவெடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு இன்னொரு முறை யோசித்துப் பார்த்தார். முடிவு மாறவில்லை.

முப்பத்திரண்டு வருடம் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்தவர். அவருக்குத் தெரியாமல் அந்த ஆபீசை விட்டு ஒரு குண்டூசி வெளியே போனதில்லை. எந்தக் காகிதம் எந்த அலுமாரியில், எந்தத் தட்டில் இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அப்பேர்ப்பட்ட மனிதரை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது இரண்டே இரண்டு தகரத் துண்டு. முன்னுக்கு ஒரு நம்பர் பிளேட், பின்னுக்கு ஒரு நம்பர் பிளேட்.

இலங்கைக்கு வெளிநாட்டு வாகனம் இறக்கத் தடை இருந்த காலமெல்லாம் பொறுத்திருந்து, தடையை எடுத்த கையோடு வாங்கிய புதுக் கார் அது. மாத்தளையில் கார் விற்கும் மைத்துனன் நிமலன்தான் வாங்கிக் கொடுத்தான். கார் வந்தது, நம்பரும் கிடைத்தது, பிளேட்தான் வரவில்லை. நாட்டில் பாதிப் புதுக் கார்களுக்கு அதே கதிதான். அதுவரைக்கும் நம்பரைக் கடதாசியில் அச்சடித்து முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார்கள்.

அந்தக் கடதாசியோடுதான் ஒரு வெள்ளிக்கிழமை மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போய், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசை போட்டார்கள். திரும்புகிற வழியில் ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டினார். மரியாதையாகத்தான் கேட்டார், காகிதங்களைப் பார்த்தார், போகச் சொன்னார். பத்தே நிமிடம். ஆனால் அந்தப் பத்து நிமிடமும் பட்டுச்சேலையும் பூசைத் தட்டுமாக மனைவி சந்திரகாந்தா ரோட்டோரம் நின்றாள். கோயிலுக்கு வந்த சொந்தக்காரர் அத்தனை பேரும் "என்ன கேசு?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

"இனிமே தகரத்துல நம்பர் மாட்டினாத்தான் இந்தக் கார்ல கால வைப்பேன்" என்றாள் சந்திரகாந்தா. சொன்னால் சொன்னதுதான். வீட்டுக்கு பஸ்ஸில் வந்தாள்.

அடுத்த மாதம் மகள் ரஜனியின் பிரசவத்துக்காக அவள் மெல்பேர்ன் போனாள். மூன்று மாதத்துக்கென்று பேச்சு. கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வாடகை வேனில் போய் இறங்கியதும் ஒரு விரலை நீட்டிச் சொன்னாள்:

"நல்லா கேட்டுக்கங்க. நம்பர் பிளேட் உங்க கையில கிடைச்ச அன்னைக்கு எனக்குச் சொல்லுங்க. அன்னைக்கே டிக்கெட் போடச் சொல்றேன். வர்றப்ப நம்ம கார்லதான் வீட்டுக்கு வருவேன்."

"சரி."

இரண்டாவது விரலையும் நீட்டினாள். "கடைச் சோறு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. பெரிய டின்ல சிவப்பரிசி நிரப்பி வச்சிருக்கேன். ஒரு சுண்டு அளந்து போட்டா ரெண்டு நேரத்துக்கும் போதும். குக்கர்ல போட்டுத் தட்டிவிடுறதுதானே, ஆக்குவீங்கதானே?"

"ஆக்குவேன்" என்றார் மாணிக்கவாசகம். அதுதான் முதல் பொய்.

மூன்று மாதம் ஏழு மாதமானது. குழந்தைக்குச் சளி, ரஜனிக்கு வேலை, அது இது என்று அங்கே காரணங்கள் வளர்ந்தன. இங்கே வளர்ந்தது மாணிக்கவாசகத்தின் தாடி மட்டும்தான்.

வாரத்துக்கு இரண்டு தடவை நிமலனுக்குப் போன் போடுவார்.

"என்ன மச்சான், ஏதாச்சும் தகவல்?"

"நாடு பூரா இதே கதைதான் அத்தான். பேப்பர்ல பார்க்கலையா?"

"நான் குடுத்த கடிதத்தையெல்லாம் கொழும்புல குடுத்தியா?"

"உங்க கைக்கு வந்து சேரும் அத்தான், பொறுங்க."

பதினொரு கடிதம். எல்லாம் இங்கிலீஷில், பிரதியோடு. கிளாக்கர் வேலைக்குப் பழகிய கை சும்மா இருக்குமா?

பலாபத்வலையில் அவர்கள் வீடு ரோட்டைப் பார்த்தபடி இருந்தது. தம்புள்ளைக்கு வெறும் பெட்டிகளோடு போகிற லொறிகள் மரக்கறியோடு திரும்பி வரும். வாசலில் உட்கார்ந்து அவற்றின் நம்பர்களை வாசித்துக்கொண்டிருப்பார். ஓட்டை லொறிக்கெல்லாம் பிளேட் இருந்தது. வீட்டுக்குள்ளே டீவி தன்பாட்டில் பேசிக்கொண்டிருக்கும். யாராவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்றுதான் அதைப் போட்டு வைத்தார்.

அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்க மட்டும் போவார். அவள் இல்லாதது வீட்டின் மற்ற இடங்களில் ஒரு மாதிரி, அங்கே வேறு மாதிரி. கொக்கியில் அவளுடைய பழைய கைத்துண்டு தொங்கியது. அதைப் பார்த்ததும் செம்பை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவார். பிறகு எங்கே சோறாக்குவது? சந்திக் கடையில் சோத்துப் பார்சல் வாங்கி, ஷெட்டில் நின்ற காருக்குள் உட்கார்ந்து சாப்பிடுவார்.

பற்றரி செத்துப் போகாமலிருக்க தினமும் காரை கேட் வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்பி வருவார். ஒருநாள் தோட்டத்துப் பலாப்பழம் ஒன்றை முன் சீட்டில் ஏற்றினார். பெல்ட் போடச் சொல்லி கார் கீக் கீக் என்று கத்தியது. பலாப்பழத்துக்கு பெல்ட்டைப் போட்டுவிட்டார். கத்தல் நின்றது. பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. "போவோமா?" என்று கேட்டும் விட்டார். கேட்டபிறகு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. அப்படியே கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்.

ஆனால் தினமும் பதினொரு மணிக்கு மெல்பேர்னிலிருந்து போன் வரும்போது குரல் கம்பீரமாகிவிடும்.

"சோறாக்கினீங்களா?"

"ஆக்கிட்டேன்."

"எத்தன சுண்டு?"

"ஒண்ணுதான். நேத்து தண்ணி கொஞ்சம் கூடிப் போச்சு. இன்னைக்கு பதம்."

"கெட்டிக்காரர்தான். வேற ஏதாச்சும் சொல்ல இருக்கா?"

"வேற என்ன, ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல."

"அப்ப சரி" என்பாள். பிறகு போனை வைத்துவிடுவாள். ஏழு மாதமாக இதே பேச்சுத்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, கொப்பளித்த வாயைத் துடைத்துக்கொண்டு, மாணிக்கவாசகம் யட்டவத்தைக்கு பஸ் ஏறினார். பலகை எழுதுகிற நடராஜாவின் பட்டறை அங்கேதான் இருக்கிறது. சுற்றுவட்டாரத்துக் கடைப் பலகைகளில் பாதியின் மூலையில் இருப்பது அவன் பெயர்.

"நம்பர் பிளேட்டா? கிளாக்கர் ஐயா, உள்ள தூக்கிப் போட்டுருவானுங்க."

"ரோட்டுல போட மாட்டேன்டா. ஒரு படம் எடுக்க மட்டும்தான். எடுத்ததும் அடுப்புல போட்டுருவேன்."

"யாருக்குப் படம்?"

"வீட்டுக்காரிக்கு."

நடராஜா அவரை மேலும் கீழும் பார்த்தான். தாடியைப் பார்த்தான். வேறெதுவும் கேட்காமல் தகரத்தை எடுத்தான்.

மூன்று மணித்தியாலத்தில் பிளேட் தயார். எழுத்து அச்சு மாதிரி இருந்தது. அரச சின்னத்துச் சிங்கம் மட்டும் கொஞ்சம் சாதுவாகத் தெரிந்தது. ஆனால் பிளேட்டின் இரண்டு ஓரத்திலும் தாமரை மொட்டு.

"இது என்னடா?"

"லொறிக்குப் போட்டுப் பழகின கைங்க ஐயா, தானா போயிருச்சு."

மொட்டுகளைச் சுரண்டி, வெள்ளை அடித்து, காய வைத்தார்கள். மாணிக்கவாசகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக, ஒவ்வோர் இலக்கமாகக் காரின் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார். பெரிய கிளாக்கர் பரிசோதித்தால் பிழை இருக்குமா?

மறுநாள் காலை பிளேட்டை காரின் முன்னால் கட்டினார். வட்ஸ்அப்பில் படம் பறந்தது. கீழே ஒரு வரி: "வந்துவிட்டது. டிக்கெட் போடவும்."

அடுத்த நிமிடமே வீடியோ கோலில் அவள் முகம் வந்தது. மாணிக்கவாசகம் தாடியை மழித்துவிட்டு முகத்துக்குப் பவுடரும் பூசியிருந்தார்.

"அட, நல்லாத்தான் இருக்கு. எப்ப வந்துச்சு?"

"இன்னைக்குக் காலையில."

"யார் கொண்டாந்தா?"

"தபால்காரர். கையெழுத்துப் போட்டு வாங்கினேன்."

"ஓஹோ. இன்னைக்கும் சோறாக்கினீங்களா?"

"ஆக்காம? ஒரு சுண்டு."

"அந்த டின்ல இருக்கிற அரிசிதானே?"

"வேற எந்த அரிசி? காலையிலதான் கையை விட்டு அள்ளினேன்."

"அப்படின்னா இன்னொரு தடவ கையை விடுங்க. போனையும் எடுத்துக்கிட்டுப் போங்க. நான் பார்க்கணும்."

மாணிக்கவாசகத்துக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆனாலும் போனார். டின் மூடி இறுகிப் போயிருந்தது. கரண்டியால் நெம்பித் திறந்ததும் உள்ளிருந்து வண்டுகள் குடும்பம் குடும்பமாகக் கிளம்பின. சாட்சி சொல்ல வந்த மாதிரி இருந்தது.

"கையை விடுங்க. முழங்கை வரைக்கும்."

விட்டார். அரிசிக்குள் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தார். மஞ்சள் துணியில் சுற்றிய நீளமான ஒரு கட்டு. அவிழ்த்தால் இரண்டு நம்பர் பிளேட். பளபளவென்று, கோபமான சிங்கத்தோடு.

"நான் பிளேன் ஏறுறதுக்கு முந்தின நாள் நிமலன் கொண்டாந்து குடுத்தான்" என்றாள் சந்திரகாந்தா. "முதல் நாள் சோறாக்கினா ரெண்டாம் நாள் கையில தட்டுப்படும்னு வச்சேன். நீங்க தினமும் ஆக்குறேன்றீங்க, பிளேட்டப் பத்தி வாயே திறக்கல. நாளைக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு ஏழு மாசம் காத்துக்கிட்டு இருந்தேன்."

"அப்ப நிமலன்..."

"நான் சொல்லித்தான் வாயை மூடிக்கிட்டு இருந்தான். உங்க பதினொரு கடிதமும் அவன் மேசை லாச்சியிலதான் கிடக்கு."

மாணிக்கவாசகம் அரிசிக் கையோடு அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டார். தாம் கடிதமாக எழுதிக் காத்திருந்த பிளேட் இருபதடி தூரத்தில் இருந்திருக்கிறது. தண்ணீர் குடிக்க வந்தபோதெல்லாம் அதன் பக்கத்தில்தான் நின்றிருக்கிறார்.

"ஒரு நாளாவது" என்றாள் அவள். குரல் இறங்கியிருந்தது. "ஒரு நாளாவது, 'ஆக்கல, நீ இல்லாம அடுப்படிக்குப் போகவே மனசு வரல'ன்னு சொல்லியிருந்தா அடுத்த பிளேன்லயே வந்திருப்பேன். எனக்கு மட்டும் இங்க என்ன? அவங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனா, பேசத் தெரியாத புள்ளகூட நாள் பூரா நான்தானே பேசிக்கிட்டு இருக்கேன்."

மாணிக்கவாசகம் கொக்கியில் தொங்கிய கைத்துண்டைப் பார்த்தார்.

"மனசு வரல காந்தா" என்றார். "ஒரு நாளும் வரல. பலாப்பழத்துக்கு பெல்ட் போட்டு கேட் வரைக்கும் கூட்டிட்டுப் போனேன்."

"எதுக்கு?"

"ஆளில்லாம இருந்துச்சு."

சந்திரகாந்தா சிரித்தாள். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். ஏழு மாதத்தில் அவர்கள் உண்மையாகப் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான்.

"சரி, டிக்கெட் போடச் சொல்லவா?"

"போடு! இன்னைக்கே போடு!"

"போடுறேன். அதுக்கு முன்னால அந்த அரிசிய நல்லா புடைச்சு, ஒரு சுண்டு ஆக்குங்க. வெந்ததும் படம் எடுத்து அனுப்புங்க. அதைப் பார்த்துட்டுத்தான் டிக்கெட்."

"ஒரு மணித்தியாலத்துல அனுப்புறேன் பாரு!"

"அனுப்புங்க" என்றாள் சந்திரகாந்தா. "ஆனா அந்தப் படத்துலயும் கீழ் மூலையில 'நடராஜா ஆர்ட்ஸ், யட்டவத்த'ன்னு எழுதியிருக்கப்படாது."